கற்கிற நேரத்துக்குக் கூலி

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவர் எவ்வளவு கற்றுக்கொள்கிறார் என்பது அவரவர் ஆர்வத்தைப் பொறுத்தது என்பார்கள். ஆர்வம் வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் கற்றுக்கொள்கிற அந்த நேரத்தில் வீட்டில் உலை கொதிக்க வேண்டுமே, அதற்கு யார் பணம் தருவது? இந்தக் கேள்வியை எனக்குள் போட்டது காஞ்சிபுரம். பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் டிசைன் பிரிவில் 1999இல் நான் சேர்ந்தேன். அதுதான் என் முதல் வேலை. அங்கே பார்த்தது இன்றுவரை என்னை விடவில்லை.

சொந்த ஊர் ஆரணி. அப்பா தறிக்காரர். சேலத்தில் 1960இலிருந்து இயங்கிவரும் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனத்தில் மூன்று வருட டிப்ளமோ முடித்திருந்தேன். பாவும் ஊடையும் பிறந்ததிலிருந்து பார்த்தவைதான், அவற்றைப் புத்தகத்திலும் படித்தாயிற்று, இனி வேலை செய்ய வேண்டியதுதான் என்ற நினைப்போடு வந்தவளைச் சங்கத்தின் செயலாளர் முதல் நாளே கூப்பிட்டுச் சொன்னார்: "கிராப் போடறதுக்கு முன்னாடி கொஞ்ச நாள் தறி வீட்டுல போய் உட்காரும்மா. சம்பளம் ஓடும், கவலைப்படாதே."

சம்பளம் ஓடும் என்ற அந்த இரண்டு சொல்லின் கனம் அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

அவர் அனுப்பியது பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டுக்கு. நீளமான வீடு, நடுக்கூடத்தில் குழித்தறி. பெரியவர் குழியில் கால் வைத்து உட்கார்ந்திருப்பார். அவருக்கு இடப்பக்கம், கரை ஓரமாக, அவர் மனைவி. கூடத்தில் வேறு நாற்காலி கிடையாது. நான் தறிக்கட்டையில் சாய்ந்து தரையில் உட்காருவேன். கோர்வைச் சேலை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடா ஓட வேண்டும்: உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று. ஒவ்வொரு ஊடையிலும் கரையின் இழையும் உடலின் இழையும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ளும். அப்படிக் கோத்தால்தான் அரக்குக் கரை அரக்காகவே நிற்கும், பச்சை உடல் பச்சையாகவே நிற்கும், நடுவில் நிறம் கசியாது. பெரியவர் மிதித்து நாடாவைத் தள்ள, அந்த அம்மாள் கரை நாடாவை வாங்கிக் கோத்துத் திருப்பி விடுவார். இருவரும் பேசிக்கொண்டே செய்வார்கள். பேச்சு அரிசி விலையைப் பற்றி இருக்கும், கை தன்பாட்டுக்கு ஓடும்.

கல்லூரியில் எங்களுக்கு நன்றாகவே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கிராப் தாளில் ஒரு கட்டம் என்பது, ஒரு ஊடை ஓடும்போது ஜக்கார்டின் ஒரு கொக்கி எழ வேண்டுமா வேண்டாமா என்பது. நிரப்பிய கட்டங்களைப் பார்த்து அட்டையில் ஓட்டை அடிப்பார்கள், அட்டைகளைக் கோத்துத் தறி மேல் ஏற்றுவார்கள். அங்குலத்துக்கு எத்தனை பாவிழை, எத்தனை ஊடை என்ற கணக்குப்படி கிராப் கட்டத்தின் நீள அகலம் மாறும். கணக்கு தப்பினால் வட்டமாக வரைந்தது துணியில் முட்டையாகிவிடும். இவ்வளவும் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கிய விஷயங்கள்.

பெரியவர் காட்டியது அதற்கு அடுத்த படி. அவர் வீட்டிலும் எதிர்வீட்டிலும் ஒரே அட்டையில் மாங்காய்ப் புட்டா ஓடிக்கொண்டிருந்தது. என்னை எதிர்வீட்டுக்கு அனுப்பிப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். அங்கே மாங்காய் குட்டையாக, கன்னம் உப்பி இருந்தது. இவர் வீட்டில் சற்று நீண்டு, மூக்கு கூர்மையாக இருந்தது. "அட்டை ஒண்ணுதான் பாப்பா. அவன் பலகையை ஓங்கி அடிப்பான், ஊடை நெருங்கி உட்காரும். என் கை அவ்ளோ வலுவா விழாது. இதுல மழைக்காலம் வந்துட்டா பட்டு ஈரம் குடிச்சுத் தளரும், அப்ப இன்னொரு மாதிரி. எந்தக் கைக்குப் போடறேன்னு தெரிஞ்சுக்கிட்டு கிராப் போடு." அன்றிலிருந்து எந்தத் தறிக்கு டிசைன் போனாலும், அந்தத் தறிக்காரர் நெய்த பழைய துணி ஒரு துண்டை வாங்கி, ஊடையை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பென்சிலைத் தொடுவேன். வேலையில் என் பெயர் நிலைத்ததற்கு முதல் காரணம் அதுதான்.

முந்தானை சேர்க்கிற நாளில் அவர் என்னை விடிவதற்குள் வரச் சொல்லியிருந்தார். முந்தானை வேறு நிறம் என்றால் உடலின் பாவிழை ஒவ்வொன்றோடும் முந்தானையின் பாவிழையைச் சேர்த்தாக வேண்டும். பெட்னி என்பது அதுதான். ஆயிரக்கணக்கான இழைகள். விரல் நுனியில் துளி சாம்பல் தொட்டுக்கொண்டு இழையோடு இழையை வைத்து ஒரு முறுக்கு முறுக்கி விடுவார். முடிச்சு கிடையாது. முறுக்கின் பிடிப்பிலேயே இழை அச்சைக் கடந்து போகும், இரண்டு நிறமும் சந்திக்கும் இடத்தில் மெல்லிய வரி ஒன்று விழும். அந்த வரியைத் தடவிப் பார்த்து இது நிஜமான பெட்னிதானா என்று சொல்கிற பெண்கள் காஞ்சிபுரத்தில் இன்னும் இருக்கிறார்கள். பெரியவர் எனக்கு நாலைந்து இழை கொடுத்து முறுக்கச் சொன்னார். முறுக்கினேன். நான் முறுக்கியதை அவர் அவிழ்க்கவில்லை, அப்படியே ஓட விட்டார். எனக்கு அன்று முழுக்க வேறு நினைவே இல்லை.

ஞாயிறுகளில் கோயில். வரதராஜப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்தில் குதிரை வீரர்களையும், ஒரே கல்லில் குடைந்து தொங்கவிட்ட சங்கிலியையும் பார்க்கச் சுற்றுலாக் கூட்டம் நிற்கும். பெரியவர் அவற்றைத் தாண்டிப் போய்த் தூணின் அடிப்பாகத்தில் குனிந்து நிற்பார். அங்கே கையகலத்துக்கு அன்னங்களும் கொடிகளும் செதுக்கியிருக்கும். "மேல இருக்கறது சிற்பிக்கு. கீழ இருக்கறது நமக்கு" என்பார். வளைவு எவ்வளவு படிப்படியாக ஏறினால் தறி அதைத் தாங்கும், எந்த இடத்தில் இழை நீளமாகத் தொங்கி வளையலில் மாட்டும் என்று கல்லில் விரல் வைத்தே சொல்லித் தருவார். ராஜசிம்மன் கட்டிய கைலாசநாதர் கோயிலுக்கும் ஒருமுறை போனோம். அங்கே தூணுக்குத் தூண் எழுந்து நிற்கும் யாளிகளைப் பார்த்துவிட்டு, கரைக்கு யாளி போடுகிறவர்கள் ஏன் வாலை அப்படிச் சுருட்டுகிறார்கள் என்பது எனக்குப் புரிந்தது. மயில்கண், குயில்கண், ருத்ராட்சம், தாழம்பூ ரேக்கு, வைர ஊசி, வங்கி என்று பெயர்களை முதலில் மனப்பாடமாகத்தான் வைத்திருந்தேன். அவற்றில் எது இழையிலிருந்தே பிறந்த வடிவம், எது கல்லிலிருந்தும் நகையிலிருந்தும் வந்தது என்று பிரித்துப் பார்க்கக் கற்றது அந்த ஞாயிறுகளில்.

ஒரு நாள் அந்த அம்மாள் சொன்னார்: "நீ வர்ற நாள்ல துணி ஒரு சாண் குறையுது பாப்பா. வராதேன்னு சொல்லல. சும்மா சொல்றேன்."

கோபமாகச் சொல்லவில்லை, குத்தலாகவும் சொல்லவில்லை. இருந்த கணக்கைச் சொன்னார். தறிக்காரருக்குக் கூலி சேலைக்கு. ஒரு பாவில் மூன்று சேலை. அறுத்துக்கொண்டு போய்ச் சங்கத்தில் கொடுத்தால் பாஸ்புக்கில் கூலி ஏறும். அவர் கையை நிறுத்திவிட்டு எனக்கு விளக்கிய ஒவ்வொரு மணிக்கும் கூலி நின்றுபோனது. எனக்குச் சம்பளம் ஓடிக்கொண்டிருந்தது. கற்பவளுக்கு மாதாமாதம் பணம், கற்பிப்பவருக்கு அதே நேரத்தில் நஷ்டம். அந்த அம்மாளின் நிலை இன்னும் மோசம். பாஸ்புக்கில் பெரியவர் பெயர்தான் இருந்தது. அந்த அம்மாள் எத்தனையோ வருடமாகக் கோத்த கரைக்குத் தனிக் கூலியும் இல்லை, தொழில் தெரிந்தவர் என்று எழுதிய ஒரு தாளும் இல்லை.

சில மாதம் கழித்துக் கணினியில் ஜவுளி டிசைன் போடும் பயிற்சிக்கு என்னைச் சென்னைக்கு அனுப்பினார்கள். சம்பளம், போக்குவரத்து, சாப்பாட்டுப் படி எல்லாம் உண்டு. கிராப் தாளில் வாரக்கணக்கில் நிரப்பியதைத் திரையில் சில மணி நேரத்தில் முடிக்கலாம், நிறத்தை மாற்றி மாற்றிப் பார்க்கலாம். நல்ல பயிற்சி, இன்றுவரை அதில் சாப்பிடுகிறேன். ஊருக்குத் திரும்பி, உற்சாகமாக நாலு புது டிசைன் போட்டுக்கொண்டு பிள்ளையார்பாளையத்துக்குப் போனால் யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. பெரியவரும்தான். "டிசைன் நல்லாத்தான் இருக்கு. இதை ஏத்தணும்னா ஜக்கார்டுல கயிறு மாத்திக் கட்டணும், அட்டை மாத்தணும். தறி அத்தனை நாள் நிக்கும். அப்புறம் முதல் சேலை கைக்குப் பழகற வரைக்கும் ஊர்ந்துதான் போகும். கூலி பழைய சேலைக்கு என்னவோ அதேதான். புதுசு கத்துக்கிட்டா எனக்கு இன்னா கிடைக்கும் சொல்லு."

நெசவாளர்கள் புதுமைக்கு ஒத்துவர மாட்டார்கள் என்று அலுவலகங்களில் பேசுவதை அந்தக் காலத்தில் நிறையக் கேட்டிருக்கிறேன். பயிற்சி முகாம் போட்டால் வருவதில்லை, வந்தாலும் மத்தியானமே எழுந்து போய்விடுகிறார்கள் என்பார்கள். அப்படி ஒரு முகாமில் நானும் இருந்தேன். எழுந்து போனவரின் பின்னால் போய்க் கேட்டேன். காலையில் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போட்டிருக்கிறார், காய்ந்ததும் சுருட்டியாக வேண்டும். சுருட்ட ஆள் இல்லை. இதில் பிடிவாதம் எங்கே இருக்கிறது? அவருக்குக் கற்க மனமில்லை என்று முடிவுகட்டியவர்கள் எல்லோரும் அந்த முகாமுக்குச் சம்பளத்தோடு வந்திருந்தவர்கள்.

கற்கிற நேரத்துக்குப் பணம் வேண்டும் என்பதை நாடு அறியாமல் இருந்தது என்று சொல்ல முடியாது. 1956லேயே நெசவாளர் சேவை மையங்கள் தொடங்கப்பட்டன. அதன் பின்னால் இருந்த முக்கியமான ஆள் புபுல் ஜெயகர். அந்த மையங்களில் இளம் ஓவியர்களைச் சம்பளத்துக்கு வைத்து, தறிக்காரர்களோடு பழக விட்டார்கள். பின்னாளில் பெரும்பெயர் பெற்ற ஜோகேன் சௌத்ரி 1968 முதல் 1972 வரை சென்னையில் கைத்தறி வாரியத்தின் டிசைனராக வேலை பார்த்தவர். பிரபாகர் பர்வே அறுபதுகளின் தொடக்கத்தில் வாரணாசி மையத்தில் இருந்தார். அந்த வருடங்கள் அவர் ஓவியத்தையே திருப்பிவிட்டன. காஞ்சிபுரத்திலும் அப்படி ஒரு மையம் உண்டு. சாயம், டிசைன் என்று நான் அங்கே போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டது கொஞ்சமல்ல. ஓவியன் தறியிடம் கற்க அரசு சம்பளம் கொடுத்தது அருமையான காரியம். அதைக் குறை சொல்ல என்னால் முடியாது, நானும் அந்த மரபில் வந்தவள்தான். ஆனால் அந்த ஓவியனுக்கு எதிரே உட்கார்ந்து தறியை விளக்கியவருக்கும் மாதச் சம்பளம் இருந்திருந்தால் கைத்தறியின் கதை வேறு மாதிரி போயிருக்கும் என்றே நம்புகிறேன்.

பழைய நாளில் எல்லாம் சரியாக இருந்தது என்றும் யாரும் நினைக்க வேண்டாம். அப்போது தொழில் கற்றவர்கள் குழந்தைகள். கோர்வைக்குக் கரைப்பக்கம் உட்கார்ந்தவை சின்னக் கைகள். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காக அடுத்தவர் தறியில் உட்கார்ந்த பிள்ளைகள் இருந்தார்கள். 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தபோதும் குடும்பத்தோடு செய்கிற தொழிலுக்கு அதில் விலக்கு இருந்தது. தொண்ணூறுகளில்தான் அந்தப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் வேலை காஞ்சிபுரத்தில் தீவிரமாக நடந்தது. பெரியவரின் மனைவியே எட்டு வயதில் கரைப்பக்கம் உட்கார்ந்தவர். பள்ளிக்கூட வாசல் தெரியாது. குலத்தொழில் பரம்பரையாக வந்த அழகைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேச வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்குப் போனது நூற்றுக்கு நூறு சரி. அந்த இடத்தில் பெரியவர்களைக் கூலி கொடுத்து உட்காரவைத்துக் கற்பித்திருக்க வேண்டும். அதைத்தான் யாரும் செய்யவில்லை.

பெரியவரின் பேரன் ஐ.டி.ஐ. முடித்தவன். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தொழில் பழகுநராகச் சேர்ந்தான். விடியற்காலையில் கம்பெனி பஸ் தெருமுனைக்கே வரும். முதல் மாதம் முடிந்து வந்தவன் கூடத்தில் நின்றபடியே சொன்னான்: "தாத்தா, இன்னும் மெஷின்ல கையே வைக்கல. பார்த்துக் கத்துக்கச் சொல்றாங்க. அதுக்கே பணம் குடுக்கறாங்க." பெரியவர் தறியை நிறுத்திவிட்டு, அது எப்படி என்று விவரமாகக் கேட்டார். 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி தொழில் பழக வருகிறவருக்கு உதவித்தொகை கொடுத்தாக வேண்டும் என்று நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "அப்ப அந்தச் சட்டம் நம்ம தெருவுக்கு வராதா?" என்றார். கம்பெனிக்குத்தான், வீட்டுத் தறிக்கு வராது என்றேன். இளைஞர்கள் தறியை விட்டுப் போனதற்கு ஆயிரம் காரணம் எழுதுகிறார்கள்: ஜரிகை விலை, விசைத்தறி, உடம்பு வலி, பெண் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். எல்லாம் உண்டு. அந்தக் கூடத்தில் அன்றைக்குக் கேட்ட காரணத்தை மட்டும் நான் வேறெங்கும் எழுதிப் பார்த்ததில்லை.

ஜப்பானில் நெசவு, சாயம், மட்பாண்டம் போன்ற கலைகளில் தலைசிறந்தவர்களை அரசு தேர்ந்தெடுத்து, வாழும் தேசியப் பொக்கிஷம் என்று கௌரவிக்கிறது. 1955இலிருந்து நடக்கிறது. பட்டம் மட்டும் கொடுத்து அனுப்புவதில்லை. ஆண்டுக்கு 20 லட்சம் யென் தருகிறார்கள், அது அவர்கள் தங்கள் திறமையைத் தீட்டிக்கொள்ளவும் அடுத்தவருக்குக் கற்பிக்கவும். நம் ஊரிலும் விருதுகள் உண்டு, விழா உண்டு. 2015இலிருந்து ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி நாள். முதல் விழா நடந்தது சென்னையில்தான். காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. இவை துணிக்கும் பெயருக்கும் காவல். சொல்லிக்கொடுக்கிற ஒரு மணி நேரத்துக்கு விலை வைப்பது வேறு வேலை, அதை யாராவது கணக்கில் எழுதினால்தான் நடக்கும்.

எங்கள் செயலாளர் ஓரளவுக்கு எழுதினார். புது டிசைன் மறுக்கப்பட்ட கதையை நான் போய்ச் சொன்னபோது அவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில், புது டிசைனில் நெய்யும் முதல் சேலைக்கு மாதிரிச் சேலை என்று பெயர் வைத்துக் கூடுதல் கூலி, தறி மாற்றிக் கட்டும் நாட்களுக்கு ஒரு தொகை என்று தீர்மானம் கொண்டுவந்தார். எல்லாத் தறிக்கும் கொடுக்கப் பணம் இல்லை, சில தறிகளுக்குத்தான். என்ன நடந்தது தெரியுமா? ஊர்ந்து ஊர்ந்து நெய்த அந்த முதல் சேலையில்தான் பெரியவர் என் டிசைனைத் திருத்தினார். கரையில் நான் போட்டிருந்த இருதலைப்பட்சியின் கழுத்தில் ஓர் ஊடையைக் கூட்டச் சொன்னார், சிறகில் இரண்டைக் குறைக்கச் சொன்னார். அவசரமில்லாமல் பார்த்ததால் அவர் கண்ணுக்குப் பட்டது. நானும் கணினியில் கற்று வந்ததை எல்லாம் அவருக்குக் காட்டினேன். நிறம் மாற்றிப் பார்க்கிற வித்தையில் அவர் ஒரு குழந்தை மாதிரி லயித்துப்போனார். மாம்பழ நிற உடலுக்கு அரக்குக் கரை என்று காலம்காலமாக நெய்தவர், மயில்கழுத்து நிறத்தை வைத்துப் பார்க்கச் சொன்னார். அந்தச் சேலை விற்றது. அவர் தெருவில் மேலும் நாலு தறி புது டிசைன் கேட்டு வந்தது.

அந்தத் திட்டம் வெகுகாலம் நிற்கவில்லை. செயலாளர் மாற்றலாகிப் போனதும் அடுத்து வந்தவர்கள் அதை வீண்செலவு என்று நிறுத்தினார்கள். நானும் பிறகு வேலை மாறிச் சென்னைக்கு வந்தேன். இப்போது ஒரு டிசைன் பிரிவு என் பொறுப்பில் இருக்கிறது. புதிதாகச் சேருகிற பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். வந்தவுடன் எந்த மென்பொருள், எந்தப் பயிற்சி வகுப்பு, எந்தச் சான்றிதழ் என்று கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் அனுப்புவோம். அதற்கு முன் ஒரு பாவு முடியும்வரை, அதாவது மூன்று சேலை, காஞ்சிபுரத்தில் ஒரு தறி வீட்டில் உட்கார வேண்டும். தறிக்காரருக்கு நெசவுக் கூலி தனி, சொல்லிக்கொடுக்கிற கூலி தனி. கோர்வை போடுகிறவருக்கு அவர் பெயரிலேயே, அவர் கணக்கிலேயே. சாயங்காலம் பிள்ளைகள் கணினியில் செய்ததைத் தறி வீட்டுக்கு எடுத்துப்போய்க் காட்ட வேண்டும், அவர்கள் சொல்லும் திருத்தத்தைக் குறித்துக்கொண்டு வர வேண்டும்.

ஒவ்வொரு மார்ச்சிலும் கணக்குப் பிரிவில் இந்தத் தொகையைப் பற்றிக் கேள்வி வரும். பயிற்சிச் செலவு என்பேன். யாருக்குப் பயிற்சி, நம் ஆளுக்கா தறிக்காரருக்கா, ஒன்றை எழுதுங்கள் என்றார் போன வருடம் வந்த ஆடிட்டர். இருவருக்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.